மூன்றாவது கட்டம்

"உண்மையைச் சொல்லிவிடு, உன்னை ஒன்றும் செய்யமாட்டேன்" என்று யாராவது யாரிடமாவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் உள்ளங்கை வேர்த்துவிடும். என் மருமகள் தன் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லும்போது நான் எழுந்து தெருப்பக்கம் போய்விடுவேன். காரணம் கேட்டிருக்கிறாள். சொன்னதில்லை. காரணம் ஒரு மெக்கானிக்.

பெயரை எழுதப்போவதில்லை. பெயர் போடாதே என்பது அவர் போட்ட சட்டம். அவர் கைவிட்ட அந்தச் சட்டத்தை நானாவது காப்பாற்றிவிட்டுப் போகிறேன். ஷெட்டில் எல்லோரும் அவரை மேஸ்திரி என்போம். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். ஒல்லியான உடம்பு, காதில் எப்போதும் ஒரு பென்சில். ஏதாவது கேட்டால் உடனே பதில் வராது. ஒரு பழந்துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். பத்தாவது விரல் முடிந்த பிறகுதான் வாயைத் திறப்பார். அவசரக்காரர்களுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். எனக்கு மட்டும் அது பிடித்திருந்தது. யோசித்துப் பேசுகிற மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது இரண்டாவது உலக யுத்த காலம். ஆவடிப் பக்கம் பட்டாளம் வந்து இறங்கி, கடலை போட்ட நிலத்திலெல்லாம் கொட்டகை எழும்பிக்கொண்டிருந்தது. பெட்ரோல் முழுக்க அவர்களுக்குப் போய்விடும். எங்களைப் போன்ற பஸ்காரர்களுக்கு அடுப்புக்கரிதான். பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு டிரம் இருக்கும். அதற்குள் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, கீழே பக்கவாட்டில் இருக்கும் புளோயரைக் கையால் சுற்றிக் காற்று ஊதினால், கால் மணி நேரத்தில் கரிவாயு கிளம்பும். அதில் இஞ்சின் ஓடும். ஓடும் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளினால்தான் வண்டி நகரும். பூந்தமல்லியில் எங்கள் ஷெட். அங்கிருந்து ஆவடி, அம்பத்தூர், மாங்காடு என்று ஏழு வண்டிகள் போய் வந்தன. நான் மூன்றாம் நம்பர் வண்டி டிரைவர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் ரேடியேட்டருக்கு ஊற்ற வேண்டிய தண்ணீரை ஆயில் ஊற்றும் வாயில் ஊற்றிவிட்டேன். இரண்டு மூடியும் ஒரே அளவு, இரண்டும் கறுப்பு. இஞ்சினைப் பிரித்து மாட்ட மூன்று நாள் ஆகும் என்றார்கள். வேலை போயிற்று என்று நானே முடிவு செய்து, சாப்பாட்டுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். மேஸ்திரி பத்து விரலையும் துடைத்து முடித்தார்.

"எப்டி ஊத்தின அண்ணாத்தே?"

"தெரியாம ஊத்திட்டேன் மேஸ்திரி."

"தெரியாமன்னு எனக்கும் தெரியும். எங்க நின்னுகினு, எந்தக் கையால மூடியத் தொறந்த? அத்தச் செஞ்சு காட்டு."

செய்து காட்டினேன். அவர் என் இடத்தில் வந்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டு இடது கையை நீட்டினார். அவர் கையும் ஆயில் மூடியில் போய்த்தான் உட்கார்ந்தது. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. "பாத்தியா, எனக்கே தப்பாத்தான் வருது" என்றார். அந்த வாரத்துக்குள் ஏழு வண்டியிலும் ஆயில் மூடி மாறிவிட்டது. மூன்று மூலை வைத்து, இரண்டு கையாலும் பிடித்துத் திருகினால்தான் கழலும்படி செய்துவிட்டார். "இனிமே தூங்கிக்கினே ஊத்தினாக்கூட அதுல ஊத்தமாட்டே."

முதலாளி வந்து, எவன் ஊற்றினான் என்று கத்தினார். மேஸ்திரி என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாருன்னு கேக்காதீங்க மொதலாளி, எப்டின்னு கேளுங்க. யாருன்னு கேட்டா ஒருத்தன் ஊட்டுக்குப் போவான். மூடி அப்டியே இருக்கும். அப்பால வர்றவனும் அதுலயேதான் ஊத்துவான்."

நான் அந்த வார்த்தையில் விழுந்தவன்தான். முப்பத்தெட்டு வயது வரைக்கும் எனக்காக யாரும் அப்படி நின்றதில்லை. வீட்டுக்கு வந்து என் சம்சாரத்திடம் நாலு தடவை சொன்னேன். அவள் சோற்றைப் போட்டுவிட்டு, "ஏதோ நல்ல மனுசன் போல கீது, சாப்புடு" என்றாள்.

எதைச் செய்தாலும் அதைத் தப்பாகப் பயன்படுத்திப் பார்ப்பது அவர் வழக்கம். ஒரு தாழ்ப்பாள் செய்தால் அதைத் தலைகீழாக மாட்டிப் பார்ப்பார். தலைகீழாக மாட்ட முடிந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு செய்வார். "நல்லா கீற ஆளுக்காகச் சாமான் செய்யக்கூடாது. பொண்டாட்டியோட சண்ட போட்டுட்டு வந்தவனுக்காகச் செய்யணும்" என்பார். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஞாபகத்தை நம்பி ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது என்பது அவர் கட்சி.

மனிதர்களையும் அவர் அப்படியே பார்த்தார். காலையில் வண்டி எடுக்கும் முன் பிரேக்கை டிரைவரும் பார்க்க வேண்டும், கண்டக்டரும் பார்க்க வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டிருந்தார். மேஸ்திரி ஒரு வாரம் சும்மா நின்று கவனித்தார். கண்டக்டர் பார்த்திருப்பான் என்று நான் ஏறுவேன், நான் பார்த்திருப்பேன் என்று அவன் விசில் கொடுப்பான். இருவருமே பார்க்கவில்லை. மேஸ்திரி முதலாளியிடம் போய், பிரேக் பார்க்கும் வேலையிலிருந்து கண்டக்டரை எடுத்துவிடச் சொன்னார். ஒருவன் மட்டும் பார்த்தால் போதும் என்றார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகுதான் நான் தினமும் குனிந்து பிரேக்கைப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலாளிக்கும் யோசனைகள் வரும். ஒரு மாதம், எந்த வண்டி குறைவாகக் கரி எரிக்கிறதோ அந்த டிரைவருக்கு வேட்டி என்று அறிவித்தார். வேட்டியை நான்தான் வாங்கினேன். எப்படி வாங்கினேன் என்றால், அயனம்பாக்கம் ஏரிக்கரை மேடு வந்ததும் வண்டியை நிறுத்தி, "இஞ்சின் மூச்சு வாங்குது, எல்லாம் எறங்குங்க" என்பேன். சந்தைக்குப் போகிறவர்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளுவார்கள். சின்ன மேட்டுக்கும் இறக்கினேன். கடைசி வாரம் மேடே இல்லாத இடத்தில்கூட இறக்கினேன். மேஸ்திரி என் பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் பார்த்து, விரல்களைத் துடைத்து, தோளைக் குலுக்கிச் சிரித்தார்.

"மொதலாளி எத்த அளக்கிறாரோ, அத்தத்தான் நீ குடுப்ப. கரியக் கேட்டாரு, கரியக் குடுத்த. ஜனங்கள ஏத்திக்கினு போறத யாரு அளந்தா?"

அந்த வேட்டிப் பரிசு அடுத்த மாதமே நின்றது. வேட்டியை முதலாளி திருப்பிக் கேட்கவில்லை.

இதற்கெல்லாம் பிறகுதான் நோட்டு வந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்றைச் சணலில் கோத்து, ஷெட் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டார். ஒவ்வொரு பக்கத்திலும் கோடு இழுத்து மூன்று கட்டம். முதல் கட்டத்தில், என்ன தப்பு நடந்தது. இரண்டாவதில், எது அதை நடக்க விட்டது. மூன்றாவதில், அதற்கு என்ன செய்தோம். முதல் இரண்டும் நாங்கள் எழுத வேண்டும். மூன்றாவது கட்டம் அவருடையது, அதில் வேறு யாரும் பென்சில் வைக்கக்கூடாது.

"பேர் போடாதீங்க. பேர் போட்டா பொய் வரும். பேர் இல்லாம எழுதினீங்கன்னா ஒருத்தன் மேலயும் கை வெக்கமாட்டேன். இது நான் குடுக்குற வார்த்த" என்றார்.

ஷெட்டில் எழுதத் தெரிந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை போனவன், கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். அதனால் எல்லோரும் என்னிடம்தான் வந்தார்கள். "அண்ணே, நேத்து டயர் நட்ட முடுக்காம வுட்டுட்டேன், எழுதேன்" என்று ஒருத்தன் வருவான். பருத்திப்பட்டுத் திருப்பத்தில் மாட்டு வண்டியில் உரசியவன் வருவான். நான் எழுதுவேன். மறுநாள் மூன்றாவது கட்டத்தில் மேஸ்திரியின் மெலிந்த எழுத்து இருக்கும். நட்டுக்குச் சிவப்பு வர்ணம் அடித்தோம். திருப்பத்தில் கண்டக்டர் இறங்கி நடக்க வேண்டும். நோட்டில் முதல் இரண்டு கட்டமும் முழுக்க என் கையெழுத்து. அதில் என் தப்பு ஏழோ எட்டோ இருக்கும். மற்றதெல்லாம் ஊரார் தப்பு. மேஸ்திரிக்கு அது தெரியும். எழுதி முடிக்கும் வரை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவரே அவர்தான்.

இனி ஹேண்டில் விஷயம். டிரம்மின் மேல்மூடியைத் திறக்க ஒரு ஹேண்டில் வேண்டும். கீழே புளோயரைச் சுற்றவும் ஒரு ஹேண்டில் வேண்டும். மேஸ்திரி இரண்டுக்கும் ஒரே ஹேண்டிலைச் செய்திருந்தார். புளோயர் சுற்றிக்கொண்டிருக்கும்போது மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் நெருப்பு ஆள் உயரத்துக்குக் கிளம்பி முகத்தில் அடிக்கும். ஹேண்டில் ஒன்றுதான் என்றால், புளோயரை நிறுத்தி, அதைக் கழற்றி, ஏணியில் ஏறித்தான் மூடியைத் திறக்க முடியும். அதற்குள் நெருப்பு அடங்கிவிடும். யாரும் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். அவர் செய்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

ஆடி மாதம் மாங்காட்டு அம்மன் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். வெள்ளிக்கிழமை ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு மடங்கு நடை. முதலாளி ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கரி போட ஏன் இத்தனை நேரம் என்று குடைந்தார். ஒரு ஹேண்டிலை வைத்துக்கொண்டு மேலும் கீழும் ஆடுகிறீர்களே, இன்னொன்று செய்தால் என்ன என்றார். மேஸ்திரி விரல்களைத் துடைத்தார். சொல்லிப் பார்த்தார். முதலாளி, வேறு மேஸ்திரி பார்க்கட்டுமா என்று கேட்டார். அடுத்த புதன்கிழமை ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டாவது ஹேண்டில் வந்துவிட்டது. என் கையில் கொடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இத்த ஜாக்கிரதையா வெச்சிக்கோ அண்ணாத்தே. ஞாபகமா இரு" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. எனக்கும் இரண்டாவது ஹேண்டில் பிடித்துத்தான் இருந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், மாங்காட்டிலிருந்து திரும்பும் வழியில் இஞ்சின் நின்றுவிட்டது. நான் இறங்கிப் புளோயரைச் சுற்றினேன். அதன் சத்தத்தில் பக்கத்தில் நின்று கூப்பிட்டால்கூடக் கேட்காது. வண்டியின் அந்தப் பக்கத்து ஏணியில், என் கண்டக்டர் சின்னப்பன் கரி மூட்டையோடு ஏறினதை நான் பார்க்கவில்லை. கரி குறைந்திருக்கிறது, நாமே போட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறான். இரண்டாவது ஹேண்டில் அவன் கையில் இருந்தது. மூடியைத் திறந்தான்.

சின்னப்பனின் முகம் வெந்துபோயிற்று. இடது கண் போயிற்று. வழியில் வந்த ஒரு கரி லாரியை நிறுத்தி அவனை ஏற்றி, மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். வழி முழுக்க என் கையை விடாமல் பிடித்திருந்தான்.

சாயங்காலம் ஷெட்டுக்கு வந்தேன். முதலில் நோட்டைத்தான் எடுத்தேன். அவ்வளவு நம்பினேன். "புளோயர் சுற்றிக்கொண்டிருந்தேன். மேலே ஆள் ஏறியதைப் பார்க்கவில்லை. மூடி திறந்து தீ அடித்தது." இரண்டாவது கட்டத்தில், "இரண்டு ஹேண்டில் இருந்தது" என்று எழுதினேன். எழுதி முடித்துத் திரும்பினால் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார்.

"யாரு கீழ சுத்தினது?" என்றார்.

எத்தனை வருஷப் பழக்கம். அவர் வாயில் யாரு என்ற கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டேன். நான்தான் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். விரல்களைத் துடைக்கவில்லை.

இரண்டாம் நாள் போலீஸ் அதிகாரி வந்தார். ஷெட்டின் நடுவே மேஜை போட்டார்கள். முதலாளி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் வரிசையாக நின்றோம். சின்னப்பன் ஆஸ்பத்திரியில் முகம் முழுக்கக் கட்டோடு கிடந்தான். மேஜை மேல் நோட்டு இருந்தது. சணல் அறுந்து தொங்கியது. யார் அறுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். முதல் கட்டத்தை மட்டும் உரக்கப் படித்தார். நட்டை முடுக்கவில்லை. மாட்டு வண்டியில் உரசினேன். பிரேக்கைப் பார்க்கவில்லை. மேட்டில் வண்டியைப் பின்னால் விட்டுவிட்டேன். ஒன்றன்பின் ஒன்றாக அந்த ஷெட்டின் தப்பெல்லாம் என் குண்டெழுத்தில் வெளியே வந்தன. படித்து முடித்து மேஸ்திரியைப் பார்த்தார்.

"இது யார் கையெழுத்து?"

"அவரு கையெழுத்துதான் ஐயா" என்றார் மேஸ்திரி. உடனே சொன்னார்.

"எல்லாமா?"

"கையெழுத்து எல்லாம் அவருதுதான் ஐயா."

நான் கத்தினேன். இவர்களுக்காக எழுதினது ஐயா, கேளுங்கள் என்று வரிசையைக் காட்டினேன். நட்டை முடுக்காதவன் தரையைப் பார்த்தான். உரசினவன் தொண்டையைச் செருமினான். அது என் தப்பு என்று ஒருவனும் முன்னால் வரவில்லை. அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருந்தது, லைசென்ஸ் இருந்தது. அவர்களை நான் மன்னித்துவிட்டேன். அவர்கள் எனக்கு வார்த்தை ஒன்றும் கொடுத்ததில்லை.

ரெண்டு ஹேண்டில் இருந்தது ஐயா, அதனால்தான் நடந்தது என்றேன். அதிகாரி மேஸ்திரியிடம், "ஒரு வண்டிக்கு எத்தனை ஹேண்டில்?" என்று கேட்டார்.

"எண்ணிப் பாருங்க ஐயா."

ஏழு வண்டியிலும் போய் எண்ணினார்கள். ஏழு ஹேண்டில் இருந்தது. மற்ற ஏழும் எந்தக் கிணற்றில் கிடக்கின்றனவோ, எனக்கு இன்றுவரை தெரியாது. மேஸ்திரி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. வெட்கமில்லாமல் பொய் சொல்லியிருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன். தாழ்ப்பாளைத் தலைகீழாக மாட்டிப் பார்ப்பது போல, உண்மையை எப்படி வைத்தால் அது என் தலையில் விழும் என்று பார்த்து வைத்திருந்தார்.

என் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். வேலை போயிற்று. சின்னப்பன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், இரண்டு ஹேண்டில் இருந்தது என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறான். முதலாளி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஷெட்டில் அவனுக்குக் காவல் வேலை கொடுத்தார். நான் செங்கல் சூளையில் கல் ஏற்றப் போனேன். ஸ்டியரிங் பிடித்த கை, முதல் மாதம் முழுக்கத் தோல் உரிந்தது. பெரிய பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினோம். "அந்த நல்ல மனுசன்" என்று என் சம்சாரம் எப்போதாவது சொல்வாள். அந்தச் சொல்லை அவள் சொல்கிற விதத்தை எழுதிக் காட்ட முடியாது.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. மேஸ்திரி இளைத்திருந்தார். காதில் பென்சில், கையில் புது நோட்டு, அதில் புதுச் சணல். என் சம்சாரம் எட்டிப் பார்த்து, "இன்னாத்துக்கு வந்துகீறாரு?" என்று அவர் காதுபடவே கேட்டுவிட்டு உள்ளே போனாள். தண்ணீர் கொண்டுவரவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கேட்டால் என்ன சொல்வது என்றுகூட மனசுக்குள் தேடினேன். அவர் நோட்டைப் பிரித்துக் காட்டினார். பக்கம் பக்கமாக மூன்று கட்டம் போட்டிருந்தது. ஒன்றிலும் எழுத்து இல்லை.

"நீ போன நாள்லேந்து ஒருத்தனும் எழுதல அண்ணாத்தே. ஷெட்டுல தப்பே நடக்கலன்னு மொதலாளி சந்தோசமா கீறாரு. எனக்குப் பயமா கீது. ஒவ்வொரு வண்டிலயும் எதோ ஒண்ணு கீது. கேட்டா வாயத் தொறக்க மாட்றானுங்க. இன்னொரு சின்னப்பன் ஆவறதுக்கு முன்ன நீ ஒரு தபா வந்து சொல்லேன். நீ சொன்னா எழுதுவானுங்க."

அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே பயந்திருந்தார். அந்த ஜனங்கள் மேல் அவருக்கு நிஜமான அக்கறை இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு முழுசாக எரிந்தது.

"பென்சிலக் குடுங்க" என்றேன். அவரை நான் நீங்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கும் அது தெரிந்தது. காதிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

முதல் கட்டத்தில், "மூன்றாம் நம்பர் டிரைவர் இந்த நோட்டில் உண்மையை எழுதினான்" என்று எழுதினேன். இரண்டாவது கட்டத்தில், "மேஸ்திரி வார்த்தை கொடுத்திருந்தார்" என்று எழுதினேன். நோட்டையும் பென்சிலையும் அவரிடம் நீட்டினேன்.

நின்றபடியே படித்தார். துணி இல்லை. வேட்டி நுனியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். சுத்தமான விரல்கள், பத்தையும் துடைத்து முடித்தார்.

"மூணாவது கட்டம் காலியா கீதே, அண்ணாத்தே."

"அது எப்பவும் நீங்க எழுதறதுதானே."

நோட்டைச் சைக்கிள் சீட்டின் மேல் வைத்து, பென்சில் முனையை நாக்கில் தொட்டுக் காகிதத்தில் ஊன்றினார். வெயில் ஏறுகிற வரைக்கும் அப்படியே நின்றார். உள்ளே என் சம்சாரம் சோறு வடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். நான் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது அவர் இல்லை. சைக்கிளும் இல்லை. நோட்டு மட்டும் வாசலில், பறந்துபோகாதபடி ஒரு கல்லுக்கு அடியில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது கட்டத்தில் பென்சில் ஊன்றிய ஒரு புள்ளி இருந்தது.